மார்கழியில் மட்டும் பிக்கப் குறையும் டர்போ கார்

குளிர்ந்த காற்று டர்போ இன்ஜினுக்கு (புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி உள்ள இன்ஜினுக்கு) நல்லது என்றுதான் எங்கே படித்தாலும் எழுதியிருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது. சித்திரை மதியத்தின் 35 டிகிரி காற்றைவிட மார்கழி விடியலின் 13 டிகிரி காற்று ஏழெட்டு சதவீதம் அடர்த்தி கூடியது. அடர்த்தி கூடினால் ஆக்ஸிஜன் கூடும். ஆக்ஸிஜன் கூடினால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் கூடும். அப்படியானால் வண்டி பறக்க வேண்டும். ஆனால் மத்திகிரியில் என் வீட்டிலிருந்து காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினால், என் மூன்று சிலிண்டர் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் தாண்டும் வரை வேண்டாவெறுப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ஒரு யோசனைக்குப் பிறகே நகரும். அதே வண்டி மதியம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ஒரு குறையும் இல்லாமல் இழுக்கும்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னால் சிரிப்பார். "ஓசூர் குளிருக்கெல்லாம் கார் நடுங்குதுன்னா, காஷ்மீர்ல என்ன பண்ணுவாங்க?" என்பார். அவர் ஊர் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கம் இறங்கினாலே ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். இங்கே டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 12, 13 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தளிப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல் குளிர், கூடவே பனிமூட்டம். உறைபனி நாடுகளின் கணக்கில் இது குளிரே இல்லைதான். ஆனால் இன்ஜினுக்கு 13 டிகிரியும் வேலை செய்யும் சூடும் ஒன்றல்ல. அது இயங்க விரும்புவது 90 டிகிரியை ஒட்டி.

நான் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரோமீட்டரும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் கையில் இருக்கும் ஆளுக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்ப முடியாது. பெங்களூருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்தக் காரையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன். சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, மொபைலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு, டர்போ அழுத்தம், பெட்ரோல் திருத்த அளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். (ஓட்டும்போது அல்ல. பக்கத்தில் உட்காரும் மகளுக்கு அந்த வேலை.)

முதலில், அடர்ந்த காற்றின் லாபம் எங்கே போகிறது என்ற கேள்வி. இப்போதைய டர்போ இன்ஜினில் எவ்வளவு அழுத்தம் என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூதான் தீர்மானிக்கிறது. உங்கள் கால் கேட்கும் இழுவைக்கு இத்தனை காற்று போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சப் புகையை வேஸ்ட்கேட் என்ற கதவு வழியாக டர்போவின் விசிறியில் படாமல் வெளியே அனுப்பிவிடும். காற்று அடர்த்தியாக இருந்தால் டர்போ கொஞ்சம் குறைவாக உழைக்கும், அவ்வளவுதான். மலை ஊரில் டர்போ சோர்ந்துபோகாததற்கும் காரணம் இதுவே. ஓசூரில் கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் பத்து சதவீதம் போலக் குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்தப் பத்து சதவீதத்தை இழக்கும். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது இசியூ இதற்கும் மேலே போய் வண்டியைக் கட்டிப்போடுகிறது. சாவி போட்டதும் ஆர்பிஎம் 1,300 வரை ஏறி நிற்கிறதே, சத்தம் கொஞ்சம் கரகரவென்று வருகிறதே, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்கான ஏற்பாடு. பிளக் பொறியை வேண்டுமென்றே தாமதமாக்கி, சூட்டை பிஸ்டனுக்குத் தராமல் சைலன்சர் பக்கம் தள்ளுகிறது. இதோடு ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு அதிகம், கியர் பாக்ஸ் ஆயிலும் கெட்டி. முதல் ஓரிரு கிலோமீட்டர் மந்தத்துக்கு இவ்வளவு போதும். இதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது. வண்டி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். சில டர்போ கார்களில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் இருக்கும். என் காரில் நேராக சிலிண்டருக்குள்ளேயே, 200 பார் அழுத்தத்தையொட்டி, பீய்ச்சுகிற வகை. சூடாக இருந்தால் பீய்ச்சிய நொடியில் ஆவியாகும். ஆறிய சுவரில் பட்டால் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் இசியூ காலையில் கூடுதலாக ஊற்றுகிறது. ஊற்றியதில் ஒரு பங்கு எரியாமல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கிறது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இதைப் பற்றிப் பேசினாலே சண்டைக்கு வருபவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. குளிர்க் காலைக்கு மட்டும் ஒரு விஷயம். எத்தனால் ஆவியாக ஒரு கிலோவுக்குப் பெட்ரோலைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சூடு வேண்டும். அதன் ஆவி தீப்பற்றத் தொடங்குவதே 13 டிகிரியை ஒட்டி, பெட்ரோலுக்கோ மைனஸ் 40-க்கும் கீழே. பிரேசிலில் முழு எத்தனாலில் ஓடும் கார்களில் குளிர்க் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். நம்முடையதில் 20 சதவீதம்தான், மீதிப் பெட்ரோல் பற்றவைத்துவிடும், அதனால் ஸ்டார்ட் ஆவதில் பிரச்சினை இல்லை. ஆனால் சுவரில் ஒட்டும் ஈரம் கூடும். சூடேறிய பிறகு எத்தனாலின் அதிக ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காத தன்மை) டர்போவுக்கு நல்லதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

என் வீட்டிலிருந்து கம்பெனி பத்து கிலோமீட்டருக்குள். மத்திகிரியிலிருந்து வந்து, ஓசூர் ஊருக்குள் சிக்னலில் நின்று நகர்ந்து, சிப்காட் கேட்டுக்குள் நுழையும்போதுதான் கூலன்ட் சூடேறியிருக்கும். ஆயில் அதைவிட மெதுவாகச் சூடேறும். ஆயில் நன்றாகச் சூடாகி அப்படியே ஓடினால்தான் அதில் கலந்த பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகி வெளியேறி இன்டேக் பக்கம் போய் எரியும். அதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் எல்லாம் அங்கேயே தங்கும். தை மாதத்தில் ஒருநாள் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. யாரும் ஊற்றவில்லை, அதுவாக ஏறியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஃபில்லர் மூடியைத் திறந்தால் உள்ளே வெளிறிய மஞ்சள் நிறத்தில் பசை.

இந்தப் பசையைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போச்சு என்று அலறுபவர்கள் உண்டு. கூலன்ட் குறையாமல் இருந்து, மூடியில் மட்டும் பசை இருந்தால் அது பெரும்பாலும் ஆறிய இன்ஜினில் படிந்த ஈரம். ஆயில் ஏறுவது அப்படி லேசாக விடுகிற விஷயம் இல்லை. 2018-ல் சீனாவின் வடக்குக் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ கார்களில் இதே பிரச்சினை பெரிதாகி, அங்கே சிஆர்-வி விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தும் அளவுக்குப் போனது. ஆயிலில் பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றுவது மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அந்தப் படலம் மெலிந்தால் யார் செலவு?

சரி, இப்போது சர்வீஸ் கதைக்கு வருகிறேன். வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், ஒரு எரர் கோடும் இல்லை. "வண்டி பர்ஃபெக்ட் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், டீகார்பன் என்று ஒரு பட்டியல் நீட்டினார்கள். பர்ஃபெக்டான வண்டிக்கு எதற்கு இத்தனை வைத்தியம்?

எனக்குச் சந்தேகம் தட்டியது மகள் சொன்ன ஒரு வார்த்தையில். கண்ணாடியில் பனி படிந்ததற்காக ஹீட்டர் போட்டிருந்தேன். "அப்பா, இது சூடா வரலை, வெதுவெதுன்னுதான் வருது" என்றாள். அந்த வாரக் கடைசியில் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது மொபைலில் கூலன்ட் சூட்டைப் படிக்கச் சொன்னேன். ஓசூர் ஊருக்குள் நெரிசலில் 80-ஐத் தொட்டது. ஹைவேயில் ஏறி 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் 74, 71 என்று இறங்கியது. மேலுமலை இறக்கத்தில் 66. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றதும் மறுபடியும் ஏறத் தொடங்கியது. ஓட ஓட ஆறுகிற, நின்றால் சூடேறுகிற இன்ஜின். தெர்மோஸ்டாட் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இந்தக் காரில் முள் கிடையாது, ஆறியிருந்தால் எரியும் ஒரு நீல விளக்கு மட்டும். அது ஐம்பது, அறுபது டிகிரியிலேயே அணைந்துவிடுகிறது.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு மெழுகு வால்வு. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்தால் வால்வு திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். அதுவரை மூடியிருந்து இன்ஜினைச் சூடேற விட வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் சூடேறாவிட்டால் பி0128 என்ற எரர் கோடு விழ வேண்டும். நம் ஊர்க் குளிர் ஒரு ரெண்டுங்கெட்டான் குளிர். மைனஸ் டிகிரியில் இதே வால்வு 40-ஐத் தாண்ட விடாமல் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே 70 வரை தட்டுத்தடுமாறி வந்துவிடுவதால் கோடு விழவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் முழுசாகச் சூடேறாத இன்ஜின் என்ற கணக்கிலேயே பெட்ரோலைக் கூட்டி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தது. மதியத்தில் வெளிக் காற்றே சூடாக இருப்பதால் குறை தெரியவில்லை.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். அம்பாசிடர் காலத்து ஆள். அவரிடம் ஸ்கேனர் எதுவும் கிடையாது. காலை ஏழு மணிக்கு ஆறிய வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். ரெண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "தம்பி, இங்க கை வையுங்க" என்றார். ஹோஸ் இளஞ்சூடாக இருந்தது. "வால்வு மூடியிருந்தா இது இந்நேரம் ஜில்லுனு இருக்கணும். பத்து நிமிஷம் கழிச்சு ஒரேயடியா சுடணும். இது மொதல்லேர்ந்தே கசியுது." பெரிய சர்வீஸ் சென்டர் கணினி சொல்லாததை ஒரு உள்ளங்கை சொல்லிவிட்டது.

அப்புறம் அவரே ஒரு யோசனையும் சொன்னார். வால்வைக் கழற்றி வீசிவிட்டு நேராக விட்டுவிடலாமாம், நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு அது என்று. கை வைத்தியத்தில் நான் அவரை வணங்குவேன், இதில் மட்டும் ஒத்துப்போக முடியாது. தர்மபுரி, சேலம் பக்கம் எத்தனையோ பட்டறைகளில் இதுதான் வழக்கம். தொப்பூர் கணவாயில் லாரி கொதித்து நின்ற காலத்து அனுபவம் அது. ஓவர்ஹீட் பயத்தில் வால்வைத் தூக்கிவிடுவார்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போவுக்கு அப்படிச் செய்தால், என் வண்டிக்கு இருந்த நோயை நாமே ஊசி போட்டு ஏற்றுகிற மாதிரி. புதுசு போட வேண்டும் என்று சொன்னேன். "உங்க இஷ்டம் தம்பி" என்று சிரித்தார்.

இந்த இன்ஜினுக்கு வால்வு தனியாகக் கிடைக்காது, பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு சேர்த்துத்தான். பழையதைக் கழற்றியதும் கம்பெனிப் பழக்கத்தில் ட்யூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஆறியிருக்கும்போது வால்வு அதன் இருக்கையில் இறுக உட்கார்ந்து இருட்டாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறை வடிவில் வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் பிளேடு தாராளமாகப் போனது. இருக்கையில் வெள்ளையாக உப்புப் படிவு. யாரோ கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

புதியதையும் சும்மா மாட்டவில்லை. வீட்டில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வு அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினேன். அம்மா எட்டிப் பார்த்து, "பால் காய்ச்சுற பாத்திரத்தையாடா எடுத்த?" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் 87-ல் வால்வு மெல்ல இறங்கத் தொடங்கியது. மேலே அச்சடித்திருந்தது 88. போதும், பாஸ்.

மாட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கூலன்டைக் கழுவி நிரப்பிய பிறகு, ஓசூர் ஊருக்குள் வருவதற்கு முன்பே 88 வந்து நிற்கிறது. ஹைவேயில் இறங்குவதில்லை. ஊருக்குள் 11, 12 என்று இருந்த மைலேஜ் 14-ஐத் தொடுகிறது. ஆயில் மட்டம் அடுத்த குளிர்காலத்தில் கோட்டுக்குள்ளேயே நின்றது. முதல் ரெண்டு கிலோமீட்டர் மந்தம் இப்போதும் உண்டு. அதை நான் கேள்வி கேட்பதில்லை. எங்கள் ஷாப்பில் முதல் ஷிஃப்டில் சிஎன்சி ஸ்பிண்டிலை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றாமல் யாரும் முதல் பீஸ் போட மாட்டார்கள், அந்த மரியாதைதான் இதற்கும். அதற்காக வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் உறுமவிடுவதும் வேண்டாம். ஐடிலில் இன்ஜின் சூடேறுவதே மெதுவாக, அதுவரைக்கும் பெட்ரோல் ஆயிலில்தான் இறங்கும். ஸ்டார்ட் செய்து பெல்ட் மாட்டி, கிளம்பி, 2,500 ஆர்பிஎம்முக்குள் மெதுவாக ஓட்டினால் போதும்.

ஆயில் கிரேடு பற்றி ஒரு வரி. 5டபிள்யூ-30 என்பதில் முதல் பகுதி குளிருக்கானது. 5டபிள்யூ மைனஸ் 30-லும், 0டபிள்யூ மைனஸ் 35-லும் சோதிக்கப்படுவது. ஓசூர்க் குளிருக்கு 5டபிள்யூ தாராளம். கையேட்டில் போட்டிருப்பதைப் போடுங்கள், "டர்போவுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 20டபிள்யூ-50 சிபாரிசு செய்பவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். ஏபிஐ எஸ்பி என்று டப்பாவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில், குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி ஓட்டும்போது டர்போ பெட்ரோலில் வரும் முன்கூட்டிய வெடிப்பைத் தடுக்கும் சோதனையும் உண்டு.

உறைபனி ஊர்களில் பிரச்சினை வேறு மாதிரி. இன்ஜின் மூச்சுவிடும் பிசிவி குழாயில் ஈரம் உறைந்து அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலையே பிதுக்கிவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஈரம் என்றால், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சொல்லலாம். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 டர்போ வண்டிகளில் இன்டர்கூலருக்குள் நீர் சேர்ந்து, திடீரென அழுத்தும்போது அது ஒரேயடியாக உள்ளே போய் மிஸ்ஃபயர் ஆவதாகப் புகார்கள் வந்து, 2013-ல் அரசு விசாரணை வரை போனது. தளிப் பனிமூட்டத்தில் ஓட்டும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுசாக அழுத்தினால் ஒரு சின்ன வெட்டு, அதுவும் குளிர்க் காலையில் மட்டும். இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். துளி ஆயில் ஈரம், தண்ணீர் இல்லை.

கடைசியில் அது பிளக். அடர்ந்த காற்றை டர்போ இன்னும் அமுக்கி உள்ளே தள்ளும்போது, பிளக் இடைவெளியைப் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் ஓடிவிடும். இதில் 0.7 இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி அளந்தால் 0.9, 0.9, 0.95. முந்தைய ஓனர் மாற்றியதே இல்லைபோல. தட்டிக் குறைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். இரிடியம் நுனி ஊசி மாதிரி மெல்லியது, ஒடிந்தால் பிஸ்டன் மேல் விழும், அந்த வேலை வேண்டாம். ஓசூரில் ரெண்டு கடையில் கேட்டேன். எடுத்து நீட்டியது இதே கம்பெனியின் டர்போ இல்லாத இன்ஜின் பிளக். திருகு மரை ஒன்றுதான், சாதாரணமாக மாட்டிக்கொள்ளும், ஆனால் வெப்ப எண் வேறு, இடைவெளியும் வேறு. கடைசியில் பெங்களூரு ஜே.சி. ரோட்டில்தான் கிடைத்தது. அங்கேயும் கார் பெயரைச் சொன்னால் அதே டர்போ இல்லாத பிளக்கைத்தான் எடுப்பார்கள், பழைய பிளக்கின் மேல் இருக்கும் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.